டொக்கும் ஏழு இழைப்புளிகளும்

மரம் இழைக்கும் பழைய இரும்பு இழைப்புளி வாங்கப் போகிறவர்கள் டொக்கைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். இரும்பு வார்க்கும் பட்டறையில் இருபது வருஷம் வெந்த மனுஷன். உளியைக் கழற்றிவிட்டு, இழைப்புளியின் வெறும் இரும்பு உடம்பை ஒரு விரலில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டுவார். ‘ணங்’ என்றால் நல்ல இரும்பு. ‘டொக்’ என்றால் எங்கோ விரிசல். விற்கிறவன் முகத்துக்கு நேராகவே அதைச் சொல்லிவிடுவார். பெயரும் அதில் வந்ததுதான், தரகன் ஒருவன் அவரைப் பிடித்துச் சுவரில் மோதி அவர் முன்பல் போனதும் அதில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரை அழைத்தது ஓர் அண்ணனும் தம்பியும். தச்சரான அப்பா போய் மூன்று மாதம். அவர் விட்டுப்போன ஏழு இழைப்புளிகளில் எது யாருக்கு என்று ஏற்கெனவே அடிதடி ஆகி, தம்பியின் புருவத்தில் நான்கு தையல். பட்டறை மூலையில் அவர்களுடைய அக்கா ஓர் அலமாரிக் கதவுக்குக் கீல் பொருத்திக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

டொக்கு ஒவ்வொன்றாக எடுத்தார். அடிப்பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, இடுக்கில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தார். ஒன்றில் உளி தேய்ந்து விரல்நீளம்தான் மிச்சம். இன்னொன்று போலி, கம்பெனிப் பெயர் எழுத்தெல்லாம் மழுங்கல். மூன்று நல்ல சரக்கு. ஆறாவது துருப்பிடித்துக் கிடந்தது. கடைசியாக, இருவரும் கண் வைத்திருந்த நீள இழைப்புளி. தட்டினார்.

“டொக்.”

“என்னங்க சொல்றீங்க?” என்றான் அண்ணன்.

“பக்கவாட்டுல உடைஞ்சிருக்குப்பா. பித்தளை வச்சு ஒட்டி, மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க. புது வேலை.”

அண்ணன் தம்பியைப் பார்த்தான். “எனக்குக் கிடைக்கக் கூடாதுன்னு உடைச்சியாடா?”

“நான் அதைத் தொட்டே பத்து வருஷமாச்சு!”

சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. தம்பி மரச்சுத்தியலை எடுத்து அண்ணன் தோளில் இறக்கினான். அண்ணன் நீள இழைப்புளியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஓங்கினான்.

“வேணாம்பா, செத்துருவான்!” என்று டொக்கு குறுக்கே பாய்ந்தார். அவ்வளவு கனமும் அவர் வலது முன்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. சட்டையெல்லாம் ரத்தம். அண்ணன் மறுபடி ஓங்கினான்.

அக்கா ஒரு ரீப்பர் கட்டையை வீசி அவன் முழங்காலில் அடித்தாள். அலறிக்கொண்டு விழுந்தான்.

“உடைச்சது நான்தான்டா. போன மாசம் கை தவறிடுச்சு. ஒட்டினதும் நான்தான். அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சதுலேர்ந்து இங்க இழைக்கிறது யாருன்னு நெனச்சீங்க? ஒரு நாள் எட்டிப் பாத்தீங்களா?”

அவள் இரண்டு மெல்லிய மரச் சட்டங்களை வைத்து டொக்கின் கையைக் கட்டி, ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே நொண்டிக்கொண்டு வந்த அண்ணன் அவர் காலைப் பிடித்தான். “தெரியாம நடந்துபோச்சுங்க. வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிடுங்க.”

டொக்கு, விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னார். அண்ணன் எட்டு மாதம் உள்ளே இருந்தான். தம்பி அதன்பின் பங்கு கேட்டு வரவில்லை. பட்டறை அக்காவின் கையிலேயே நின்றது.

கை கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. டொக்கு இப்போதும் இழைப்புளி பார்க்கப் போகிறார். ஆனால் பக்கத்தில் யாராவது பரணில் எதையோ எடுக்கச் சட்டென்று கையை உயர்த்தினால், இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். எழுந்திருக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது.