முதுகு ஷாட்டில் சொன்னது

ரோமாபுரிப் படங்களில் செத்தவன் முழுசாகச் சாவதில்லை. முதல் பாகத்தில் வெட்டுப்பட்டு மண்ணைக் கவ்வினாலும், வசூல் நன்றாக இருந்தால், எங்கேயோ ஒரு பிள்ளையை விட்டுவிட்டுத்தான் போயிருப்பான். அந்தப் பிள்ளை இரண்டாம் பாகத்தில் அடிமையாக வந்து, தான் யார் பெற்றது என்றே தெரியாமல் வாள் சுழற்றும்.

அப்படி ஒரு இரண்டாம் பாகத்துக்குக் குரல் கொடுக்க வந்திருந்தார் ராணியம்மா. சொந்தப் பெயர் அதுவல்ல. கிரீடம் வைத்த பெண் யார் திரையில் வாயைத் திறந்தாலும் குரல் இவருடையது என்பதால், டப்பிங் தியேட்டரில் ஒட்டிக்கொண்ட பட்டம். பகலெல்லாம் அரண்மனையை அதட்டிவிட்டு, மாலையில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி வீட்டுக்குப் போவார்.

ஆரம்பத்தில் குழந்தை அழுகைக்குத்தான் கூப்பிட்டார்கள். ஊரார் குழந்தைக்கெல்லாம் அழுதுகொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் சொந்தமாக ஒன்றும் பிறந்தது. கல்யாணம் மட்டும் ஆகவில்லை. தகப்பன் வில்லன்களுக்குக் குரல் கொடுப்பவன். வில்லத்தனத்தைக் குரலோடு நிறுத்திக்கொள்ளவில்லை, ஓடியே போய்விட்டான். பிள்ளையில்லாத அண்ணனும் அண்ணியும் குழந்தையை வாங்கிக்கொண்டார்கள்.

அண்ணி அன்றே சொல்லிவிட்டார்: "இனிமே நீ அத்தை. அத்தையா வா, அத்தையா போ. ஒரு வார்த்தை மீறினே, அப்புறம் அவன் மூஞ்சியையே பாக்க முடியாது."

ராணியம்மா மீறவில்லை. பையன் வளர்ந்தான், குரல் உடைந்தது. யாரும் சொல்லித் தராமலே டப்பிங்குக்கு வந்து நின்றான். வில்லன் குரல் வந்துவிடுமோ என்று இவர் பயந்தார். நல்லவேளை, கதாநாயகன் குரல்.

இன்று ரோமாபுரி அடிமைக்கு அவன். அந்த அடிமையைப் பெற்ற சீமாட்டிக்கு இவர்.

வழக்கமாக ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் பேசுவார்கள். இந்தச் சிறைச்சாலைக் காட்சிக்கு மட்டும் டப்பிங் டைரக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. "தனித்தனியா பேசினா உணர்ச்சி ஒட்ட மாட்டேங்குது. ரெண்டு பேரும் உள்ள நில்லுங்க" என்றார்.

கனத்த கதவு மூடியது. சத்தம் விழும் என்று ஏசியையும் நிறுத்தினார்கள். நாலு சுவரிலும் பஞ்சு. மைக் திறந்தே கிடந்தது. உள்ளே பெருமூச்சு விட்டால்கூடக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு பேருக்குக் கேட்கும்.

"நீ என் மகன்" என்பதுதான் வசனம். மூன்றே சொல். ராணியம்மா ஆரம்பிப்பதற்குள் திரையில் சீமாட்டி பாதி சொல்லிவிட்டாள்.

"அம்மா, அந்தம்மா வாயை மூடிட்டாங்க, நீங்க இன்னும் பேசிட்டிருக்கீங்க" என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர்.

மறுபடியும் பிந்தியது.

"என்ன அத்தை, என்னை மகன்னு சொல்ல இவ்வளவு யோசிக்கிறீங்க?" என்று சிரித்தான் பையன். "அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

"வாயை மூடுடா, கழுதை."

எப்படியோ அடுத்த டேக்கில் மூன்று சொல்லும் சீமாட்டியின் உதட்டசைவுக்குள் அடங்கின. அடுத்து வந்தது முதுகு ஷாட். சீமாட்டி சுவர்ப்பக்கம் திரும்பி அழுகிறாள். முகம் தெரியாது, உதடும் தெரியாது. இப்படிப்பட்ட இடங்களில் எழுத்தாளர் மெனக்கெட மாட்டார். டப்பிங்காரர்களே எதையாவது புலம்பி நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

ராணியம்மா புலம்பினார். "பெத்து ஒரு வாரம்கூட வச்சுக்கல. அண்ணன் கையில குடுத்தேன். அண்ணி வாங்கி நெஞ்சுல சாத்திக்கிட்டாங்க. நான் அத்தையாயிட்டேன்…"

படம் நின்றது. இன்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிரமாதம்மா! ஆனா அண்ணன் அண்ணியெல்லாம் எங்கேருந்து வந்தாங்க? கதையில அந்தம்மா ஒத்தப் பொண்ணாச்சே."

"வாய் தவறிடுச்சுப்பா. அழிச்சிடு."

"அழிச்சாச்சு."

மிஷினில் அழிந்தது. பக்கத்தில் நின்றவனிடம் அழிக்க எந்தப் பொத்தானும் இல்லை. அவன் சிரிப்பு எங்கேயோ போயிருந்தது. "அத்தை…" என்று ஆரம்பித்தவன் மைக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். வெளியே போகலாம் என்றால், காட்சி முடியாமல் கதவைத் திறக்க மாட்டார்கள்.

அடுத்தது அவனுடைய வசனம். திரையில் அடிமை வாயைத் திறந்தான், மூடினான். இவன் திரையையே பார்க்கவில்லை. ராணியம்மாவைப் பார்த்து மெல்லக் கேட்டான்:

"இத்தனை வருஷம் ஏம்மா மறைச்சே?"

வசனத் தாளில் இருந்ததும் அதே கேள்விதான். பதிலும் தாளில் இருந்தது: "உன் உயிரைக் காப்பாற்ற." ராணியம்மாவுக்கு அது வாயில் வரவில்லை.

"உன்னைப் பாக்கவே விடமாட்டாங்களோன்னுதான்."

"என்னாச்சு இன்னிக்கு?" இன்ஜினியர் அலுத்துக்கொண்டார். "தம்பி லேட்டு, அம்மா வசனத்தையே மாத்துறாங்க. யார் தப்பு இது?"

ராணியம்மா பையனைப் பார்த்தார். இப்போது இவன் ஒரு வார்த்தை விட்டால் போதும். சாயங்காலத்துக்குள் அண்ணி காதுக்குப் போய்விடும்.

"என் தப்புதான் சார்" என்றான் பையன். "அத்தை சரியாத்தான் பேசினாங்க. இன்னொரு டேக் போகலாம்."

மைக்குக்குக் கீழே, கண்ணாடி வழியாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியாத இடத்தில், அவன் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டான். அடுத்த டேக் முடியும் வரைக்கும் விடவில்லை.