வளையல் சத்தத்தில் வெட்டிய நகங்கள்

மதியம் சாப்பிட்டுவிட்டுத் தரையில் படுத்தால், தூக்கம் வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு சத்தம் வரும். டிக், டிக், டிக். எங்கள் நாய் டைல்ஸ் மேல் நடக்கிற சத்தம். கூடத்திலிருந்து அடுப்படி, அங்கிருந்து கொல்லைக் கதவு, திரும்பவும் என் தலைமாடு. கண்ணைத் திறக்காமலே அது எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லிவிடுவேன். பாதித் தூக்கத்தில் அது நாயின் சத்தமாகவே இருக்காது. யாரோ தூரத்தில் எதையோ எண்ணிக்கொண்டிருப்பதாக இருக்கும். என்னவென்று கேட்க நினைத்தபடியே தூங்கிப்போவேன்.

என் மகள் கல்லூரியில் படித்தபோது பேகம்பூர்ப் பக்கம் ஒரு சந்தில் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாள். வெறும் நாட்டு நாய், செம்மண் நிறம். அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் சிமெண்டுத் தரை. நாயும் காலையில் அவிழ்த்துவிட்டால் சிறுமலை ரோடு வரைக்கும் ஊர் சுற்றிவிட்டு வரும். நகம் தானாகத் தேய்ந்துவிடும். மகளைக் கட்டிக்கொடுக்கிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வருவார்களே என்று டைல்ஸ் போட்டோம். அதற்குள் நாய்க்கும் வயதாகி, ஊர் சுற்றுவதை விட்டுவிட்டது. நகம் கொக்கியாக வளைந்து வளர ஆரம்பித்தது. திரும்பும்போது பின்கால் வழுக்கும். வழுக்கியதை யாரும் பார்த்தார்களா என்று நம் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்ளும்.

முதலில் வெட்ட உட்கார்ந்தவர் என் கணவர். பூமார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர். விடியும் முன்னால் போய் மல்லிகையும் சம்பங்கியும் நிறுத்துவிட்டு மத்தியானம் வீடு திரும்புகிறவர். தராசு பிடித்த கைக்கு இது என்ன பெரிய காரியம் என்று தன் நகவெட்டியை எடுத்தார். நகத்துக்குள்ளே கொஞ்ச தூரம் உயிர் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு 'க்ளிக்'. நாய் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டம்மா ஓடி வந்துவிட்டார். மஞ்சள்தூளை அப்பி ரத்தத்தை நிறுத்தினோம். அன்றிலிருந்து அந்த 'க்ளிக்' சத்தம் எங்கே கேட்டாலும் நாய் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். என் கணவர் தன் கால் நகத்தை வெட்டக்கூட மாடிக்குப் போக வேண்டியதாயிற்று.

மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமென்று ஆட்டோவில் ஏற்றினால், பாதி வழியிலேயே நடுங்கி சீட்டை நனைத்துவிட்டது. "இன்னொரு தடவ நம்மளக் கூப்புடாதீக அக்கா" என்று ஆட்டோக்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

போதாததற்கு என்னுடைய சட்டம் வேறு. செவ்வாய், வெள்ளி நகம் வெட்டக் கூடாது. விளக்கு வைத்த பிறகு வெட்டவே கூடாது. "நாய்க்குமா நாளு கெழம பாப்ப?" என்று என் கணவர் சிரிப்பார். நாயும் இந்த வீட்டு ஆள்தானே என்பேன். சொல்லிவிட்டு, வெட்டாமல் இன்னொரு வாரம் தள்ளிப்போடுவேன். உண்மையில் எனக்கு அந்த அலறலை இன்னொரு தடவை கேட்கத் தெம்பு இல்லை.

இப்படியே விட்டிருப்பேன். ஆனால் மகள் உண்டானாள். பழனியில் மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு முடித்து, அவளைத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். கொண்டுவந்து விடச் சம்பந்தியம்மாவும் கூட வந்திருந்தார். நல்ல மனுஷி, ஆனால் எதற்கும் பயப்படுகிறவர். கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே நாய் நடப்பதைப் பார்த்தார். அதன் காலையே பார்த்தார்.

"ஏனுங்க, இந்த நகத்தோடயா புள்ள பக்கத்துல படுக்கும்? பச்சைப் புள்ளைக்குத் தோலு பூ மாதிரிங்க. கண்ணுல கிண்ணுல பட்டுட்டா?"

"வெட்டிரலாம்ங்க" என்றேன்.

"வெட்டிட்டாச் சரிங்க. வெட்டறதுக்கு விடலைன்னா எங்கயாச்சும் தோட்டத்துல விட்டுப்போடுங்க. கோவிச்சுக்காதீங்க."

தோட்டமென்றால் வேடசந்தூர்ப் பக்கம் என் தம்பியின் தோட்டம். அங்கே நாய்களை மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் சங்கிலியில் கட்டிப்போடுவார்கள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் அனுப்புவோம். மின்விசிறிக்குக் கீழே படுத்துப் பழகிய கிழட்டு நாய் அந்த வெயிலில் எத்தனை நாள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். மகளுக்கும் தெரியும். அவள் நாயின் காதை நீவிக்கொண்டிருந்தாள். அவள் கை நிறைய வளைகாப்பில் பெண்கள் போட்டுவிட்ட கண்ணாடி வளையல்கள். பச்சை, சிவப்பு, நடுவில் கொஞ்சம் மஞ்சள். பிரசவமாகிற வரைக்கும் கழற்றக் கூடாது. அந்தச் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்குமாம்.

பிள்ளைக்குக் கேட்டதோ இல்லையோ, நாய்க்கு நன்றாகக் கேட்டது. மதியத்தில் மகள் பாயில் ஒருக்களித்துப் படுத்து அதன் தலையைத் தடவுவாள். வளையல் கலகலவென்று ஏறி இறங்கும். நாய் நாலு காலையும் நீட்டிவிட்டுக் கண் செருகிக் கிடக்கும். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெதுவாக எழுந்து போய் நகவெட்டியை எடுத்து வந்து, நாயின் பின்காலருகே உட்கார்ந்தேன். மகள் என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டு கையை இன்னும் கொஞ்சம் வேகமாக ஆட்டினாள். அந்தக் கலகலப்புக்குள்ளே நான் ஒரே ஒரு நகத்தை, நுனியை மட்டும், வெட்டினேன். எனக்கே 'க்ளிக்' கேட்கவில்லை. நாயின் ஒரு காது லேசாக அசைந்தது. அவ்வளவுதான்.

"அம்மா!" என்று மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வயிறு குலுங்கியது.

அதற்குப் பிறகு எங்கள் மதியங்களெல்லாம் அப்படித்தான் போயின. ஒரு நாளைக்கு ஒன்று, மனசு துணிந்தால் இரண்டு. வெளியே வெயில் வெள்ளையாக நிற்கும். கரண்டு போய்விட்டால் கொல்லைக் கதவைத் திறந்து வைப்போம். சிறுமலைப் பக்கமிருந்து நினைத்தபோது கொஞ்சம் காற்று வரும். மகள் வாய்க்கு வந்ததை முனகுவாள். ஆராரோ என்று தொடங்கி, மறந்துபோய், சும்மா ம்ம் ம்ம் என்று இழுப்பாள். "நாய்க்குத் தாலாட்டுப் பாடி ஒத்திக பாக்குறியாக்கும்?" என்பேன். வெட்டிய துண்டைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு நானும் அப்படியே சாய்ந்துவிடுவேன். நாய் தூக்கத்தில் எங்கோ ஓடும். கால் நான்கும் துடிக்கும். மகளின் வயிற்றில் பிள்ளை புரண்டு படுப்பது சேலைக்கு மேலேயே தெரியும். நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பேன். எது நாயின் கனவு, எது பிள்ளையின் கனவு, எது என்னுடையது என்று ஒரு கட்டத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. மார்க்கெட்டிலிருந்து வரும் என் கணவர் சட்டையில் மல்லிகை வாசத்தோடு வாசலில் நின்று, எங்களை எழுப்ப மனசில்லாமல் தானே சோற்றைப் போட்டுச் சாப்பிடுவார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு. அது அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

மூன்று கால் முடிந்தது. முன்னங்கால் ஒன்று மட்டும் பாக்கி இருந்தபோது மகளுக்கு வலி வந்துவிட்டது.

பையன் பிறந்தான். பிரசவம் பார்த்தவருக்கு வளையலைக் கொடுப்பது எங்கள் வழக்கம். மகள் ஒவ்வொன்றாகக் கழற்றி ஆஸ்பத்திரி ஆயாவின் கையில் கொடுத்தாள். ஆயா சந்தோஷமாக அங்கேயே மாட்டிக்கொண்டு வராண்டாவில் நடந்து போனார். அந்தச் சத்தம் தள்ளித் தள்ளிப் போவதைக் கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு, பேரன் பிறந்த அந்த நேரத்திலும், பாக்கி இருக்கிற அந்த ஒரு கால்தான் ஞாபகம் வந்தது. பைத்தியக்காரிதான் நான்.

வீட்டுக்கு வந்ததும் கடைத்தெருவில் கண்ணாடி வளையல் வாங்கி, இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் அடுக்கிக்கொண்டேன். என் கணவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏண்டி, உனக்கு எத்தனாவது மாசம்?"

"சும்மா இருங்க. செத்த நேரம் வாயத் தொறக்காதீக."

நாயின் பக்கத்தில் உட்கார்ந்து கையை ஆட்டினேன். அது வளையலை முகர்ந்து பார்த்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தது. எழுந்து, மெதுவாக, டிக் டிக் என்று கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அதைத் தூங்க வைத்தது வளையல் இல்லை, என் மகளின் கை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மகளுக்கோ இரண்டு கையிலும் பிள்ளை. நாயைத் தடவ அவளுக்கு நேரம் இல்லை, தெம்பும் இல்லை. நாயும் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. பிள்ளையைப் போட்டிருந்த பாய்க்கு ஒரு முழம் தள்ளிப் படுத்து, அதன் தூக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

சம்பந்தியம்மா பேரனைப் பார்க்க வந்த அன்று, மகள் குளிக்கப் போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். பிள்ளை வீறிட்டது. ஓடி வந்து பார்த்தால், பாயில் பிள்ளை, பக்கத்திலேயே நாய் எழுந்து நிற்கிறது, பிள்ளையின் கன்னத்தில் மெல்லிய சிவப்புக் கோடு.

சம்பந்தியம்மா பிள்ளையை வாரி எடுத்தார். கத்தவில்லை, திட்டவில்லை. நாயின் அந்த வெட்டாத முன்னங்காலை மட்டும் பார்த்தார்.

"அனுப்பிருங்க" என்றார். "நாளைக்கே அனுப்பிருங்க."

என்ன சொல்லித் தடுப்பேன்? கோடு கண்ணுக்கு ஒரு விரல் தள்ளி இருந்தது. நான் தம்பிக்குப் போன் செய்து, காலையில் வண்டியை அனுப்பச் சொன்னேன். குளித்துவிட்டு வந்த மகள் ஈரத் தலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். யாரும் விரட்டாமலே நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது.

சாயங்காலமாயிற்று. சம்பந்தியம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிள்ளை தூக்கத்தில் சிரித்தது, முகத்தைச் சுளித்தது, கையைத் தூக்கியது. தூக்கிய கையை அப்படியே கன்னத்தில் வைத்து இழுத்தது. அடுத்த கன்னத்திலும் அதே மாதிரி ஒரு சிவப்புக் கோடு.

சம்பந்தியம்மா குனிந்து அந்தக் கையை விரித்துப் பார்த்தார். காகிதம் மாதிரி மெல்லிய நகம்.

"அட, இவனா!" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "இவனுக்குல்ல மொதல்ல வெட்டோணுமுங்க" என்றார்.

மாப்பிள்ளை பிள்ளைக்கென்று வாங்கி அனுப்பிய சாமான்களில் ஒரு குட்டி நகவெட்டி இருந்தது. விளக்கு வைப்பதற்குள் முடித்துவிடலாமென்று எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். மகளுக்குப் பயம். சம்பந்தியம்மாவுக்கு அதைவிடப் பயம். எனக்குத்தான் தூங்குகிறவர்களுக்கு வெட்டிப் பழக்கம். பிள்ளையின் கட்டை விரலைப் பிடித்து, நுனியை மட்டும் வெட்டினேன். க்ளிக்.

கட்டிலுக்கு அடியில் நாய் எழுந்தது. சுவரோடு ஒட்டப்போகிறது என்று நினைத்தேன். டிக், டிக் என்று சத்தம் கூடத்துக்கு வந்தது. வாலைக் காலுக்கிடையில் விட்டுக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்க நடுங்க வந்து, பிள்ளையின் கைக்கும் என் கைக்கும் நடுவில் மூக்கை நுழைத்தது. என் கையைத் தள்ளியது. "போ அங்கிட்டு" என்றேன். போகவில்லை. நான் திரும்பவும் நகவெட்டியைக் கொண்டு போனேன், திரும்பவும் தள்ளியது. கடிக்கவில்லை, உறுமவில்லை. நடுங்கிக்கொண்டே நின்றது.

சம்பந்தியம்மா என் கையிலிருந்து நகவெட்டியை வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

"இன்னைக்கு வேண்டாமுங்க" என்றார். "அது பயப்படுதுங்க."

நான் எழுந்து போய்த் தம்பிக்குப் போன் செய்து வண்டி வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.