இல்லாத உதை

வ. புதுப்பட்டியில் பிறந்து ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட வெங்கடேஸ்வரிக்குப் பொய் சொல்ல வராது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். கடைக்கு நைட்டி தைத்துக் கொடுப்பது அவள் வேலை. தையல் கோணிப்போனால் கடைக்காரர் கேட்பதற்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் புருஷனிடம் போய், அதுவும் வயிற்றுப் பிள்ளை விஷயத்தில், ஒரு பொய்யைச் சொல்லி வைத்தாள்.

புருஷன் பாண்டிச்செல்வம் பட்டாளத்தில் இருக்கிறான். லீவு முடிந்து அவன் கிளம்பும்போது அவளுக்கு மூன்றாம் மாதம். ஐந்தாம் மாதம் பிறந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் போனில், பிள்ளை உதைக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தான். இல்லை என்றால் குரல் இறங்கிப்போகும். ஒருநாள் வயிறு கடமுடவென்றது. மத்தியானம் தின்ற மொச்சைப்பயறுதான், அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவன் குரலைக் கேட்க மனசு பொறுக்காமல், ஆமாம், உதைக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கூட இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தானாம். அன்றிலிருந்து போனை வயிற்றில் வைக்கச் சொல்லிப் பிள்ளையோடு பேசுவான். பேசி முடித்ததும் உதைத்ததா என்பான். அவளும் உதைத்தது என்பாள். மாமியார் மாரிக்கனி தெருவெல்லாம் போய், அப்பன் குரலுக்கு உதைக்கிற பிள்ளை என்று பெருமையடித்துவிட்டு வந்தாள்.

ஆறாம் மாதமும் முடியப்போகிறது. வயிறு மேடு தட்டிவிட்டது, படுத்தால் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது, சாயங்காலமானால் பாதம் வீங்கியது. எல்லாம் வந்தது, உதை மட்டும் வரவில்லை. தையல் மெஷின் அதிர்வில் தெரியாமல் போகிறதோ என்று மெஷினை நிறுத்திவிட்டு வயிற்றில் கைவைத்து உட்கார்ந்திருப்பாள். தான் சொன்ன பொய்தான் பிள்ளையைப் பிடித்துவிட்டதோ என்ற நினைப்பில் சோறு இறங்கவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால் பொய் வெளியே வந்துவிடும்.

சர்க்கரை டெஸ்டுக்காக மாமியாரும் அவளும் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மாவிடம் போனார்கள். குளுக்கோஸ் தண்ணியைக் குடித்து, காத்திருந்து, ரத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அசைவு எப்படி இருக்கிறது என்று டாக்டரம்மா கேட்டதும் மாரிக்கனி முந்திக்கொண்டாள். போன மாதமும் அவள்தான் பதில் சொன்னாள்.

"அதெல்லாம் நல்லா உதைக்குதும்மா. எம்புட்டுச் சேட்டைங்கிறீக."

டாக்டரம்மா அதை எழுதப்போனார். எழுதிவிட்டால் இன்னும் ஒரு மாதத்துக்கு யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது வெங்கடேஸ்வரிக்கு உறைத்தது. அத்தையின் முகத்தைப் பார்த்தால் வாய் வராது என்று தரையைப் பார்த்துக்கொண்டாள்.

"இல்லம்மா. இதுவரைக்கும் ஒரு தடவகூட உதைக்கல. நான் பொய் சொல்லிட்டேன்."

மாரிக்கனி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டாள். டாக்டரம்மா யாரையும் திட்டாமல் உடனே ஸ்கேன் பார்த்தார். திரையில் இதயம் துடித்தது, பிள்ளை காலை நீட்டி மடக்கியது. நஞ்சுக்கொடி முன்பக்கம் இருப்பதால் மெத்தையில் உதைப்பதுபோல் அமுங்கிவிடுகிறது, அதனால்தான் தெரியவில்லை என்றார். இந்த மாதத்தில் வெளியே பேசுகிற சத்தம்கூடப் பிள்ளைக்குக் கேட்கும் என்றார். சீக்கிரமே உதை தெரியும், தெரிந்தபிறகு குறைந்தால் மறைக்காமல் அன்றைக்கே வரவேண்டும் என்று கண்டித்துச் சொன்னார்.

பஸ்ஸில் மாரிக்கனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ராஜபாளையத்தில் இறங்கினபிறகுதான், பிள்ளை நல்லாயிருக்கிறது, அது போதும், அவனிடம் நீயே சொல்லிவிடு என்றாள். அன்று சாயங்காலம் வெங்கடேஸ்வரிக்கு வாய் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அதற்கடுத்த நாள் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது வயிற்றுக்குள்ளிருந்து ஒரு தட்டு. சந்தேகமே இல்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, கை போனைத் தேடியது. எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இதைக் கேட்டு அவன் படவேண்டிய சந்தோஷத்தை அவன் எப்போதோ பட்டுவிட்டான்.

சாயங்காலம் சொன்னாள். "இன்னைக்குத்தாங்க முதல் தடவ உதைச்சது. முன்னாடி சொன்னதெல்லாம் பொய்."

அவன் குரல் இறங்கிப்போனது.

"அப்ப இத்தன நாளா நான் யாருகிட்டடி பேசுனேன்?"

"உங்க பிள்ளகிட்டதான். அதுக்குக் கேக்குமாம். எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

போனை வயிற்றில் வைக்கச் சொன்னான். வைத்தாள். அவன் பேசினான், வயிற்றின்மேல் துணி அசையும்படி பிள்ளை உதைத்தது. போனைக் காதில் வைத்து, வழக்கம்போல உதைத்ததா என்பான் என்று காத்திருந்தாள். அதைக் கேட்காமலே, டியூட்டி இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டான்.