சிமெண்டுக்கு மேக்கப் போட்டவள்

ஒரு மணப்பெண்ணின் முகத்திலிருந்து பருவை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு ஒரு சாயா ஆறுகிற நேரம் போதும். அதற்குள் பக்கத்தில் நிற்கும் மாமியாரின் கழுத்து மடிப்பையும் சேர்த்துச் சரிபண்ணிவிடுவேன். மலையாளக் கரையில், மட்டாஞ்சேரி காதர் இக்காவின் ஸ்டுடியோவில் எனக்கு இதுதான் வேலை. படித்தது சங்கரன்கோவில் பக்கம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில். கேமராவும் கம்ப்யூட்டரும் இங்கே வந்து பழகியது. படம் திருத்திப் பிழைக்கும் சக பாவப்பட்டவர்களே, 'இன்னும் கொஞ்சம் வெள்ளையா' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்களே, நம் கைவித்தை ஒன்றும் பலிக்காத ஓர் இடம் இருக்கிறது. அது பூச்சு பூசாத கான்கிரீட் சுவர்.

கட்டடத்தைக் காணோம்

ஷீபா டீச்சர் திருப்பூணித்துறைக்காரர். கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கிறவர். மேல்பூச்சு, பெயிண்ட் எதுவுமில்லாமல் கான்கிரீட்டை அப்படியே விட்டுக் கட்டிய பழைய கட்டடங்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறார். படமெடுத்துச் சரிசெய்து தர ஆள் தேடி ஸ்டுடியோவுக்கு வந்தார். "எங்க செல்வி எடுப்பா டீச்சரே" என்று காதர் இக்கா என்னை முன்னால் தள்ளிவிட்டார். படங்கள் பிடித்திருந்தால் புத்தகத்தில் 'படங்கள்: செல்வி' என்று போடுவதாக டீச்சர் சொன்னார். நான் திருத்திய ஆல்பங்களை அடுக்கினால் கூரையைத் தொடும். ஒன்றில்கூட என் பெயர் இல்லை. எப்படியாவது இதைப் பிடித்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவுசெய்தேன்.

இங்கே டவுனில், பிராட்வே பக்கம் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தை முதலில் எடுத்தேன். மழை வழிந்த கறுப்புக் கோடுகள், சுவர் முழுக்கப் பலகைத் தடம், வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என் கைக்குத் தெரியுமா? மணப்பெண்ணுக்குச் செய்கிற அத்தனையும் செய்தேன். சுவர் ஐஸ்கிரீம் மாதிரி வழவழவென்று வந்தது. பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"நல்ல அழகு, நல்ல பங்கி இருக்கு மோளே. பில்டிங் எவிடே?"

மேஸ்திரி திட்டும் வெளிச்சம்

கறையும் தடமும் ஓட்டையும்தான் அந்தக் கட்டடத்தின் முகமாம். அதைத் தொடக் கூடாது. குறுக்கே போகிற ஒயரையோ காக்காவையோ வேண்டுமானால் எடுக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் புதிதாக எடுத்து வரவேண்டும், இல்லாவிட்டால் பெங்களூரிலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரர் முருகனுக்கு சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் கொட்டுவதற்குப் பலகை அடைக்கிறவர். நான் திருத்தாத படத்தைக் காட்டியதும் சிரி சிரி என்று சிரித்தார். பலகைத் தடம் எப்போது இன்னும் நன்றாகத் தெரியும் என்று கேட்டேன். வெயில் சாய்ந்து சுவரை உரசிக்கொண்டு விழும்போதுதான் மேஸ்திரி சுற்றிவந்து குறை கண்டுபிடிப்பாராம். அது போதும், எந்த நேரத்துக்குப் போக வேண்டும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குத்தான் ஆறவில்லை.

"தடம் தெரியுதுன்னு இன்னைக்குக் காலையில கூட எனக்குத் திட்டு விழுந்துச்சு. உனக்கு அதைப் படம் புடிக்கிறதே வேலையா? என் சுவரையும் ஒண்ணு எடு புள்ள, மேஸ்திரிகிட்ட காட்டுறேன்."

காக்காவின் நிழல்

அவர் சொன்ன சாய்ந்த வெயிலில் அதே கட்டடத்தின் முன் போய் நின்றேன். காலையில் செத்த சுவராக இருந்தது, சாயங்காலம் ஒவ்வொரு பலகையின் ரேகையும் எழும்பி, கஞ்சி போட்ட பருத்திச் சேலை மாதிரி நின்றது. கட்டடத்தைத் தொடவே இல்லை. முன்னால் தொங்கிய ஒயரையும் அதில் உட்கார்ந்திருந்த காக்காவையும் மட்டும் அழித்தேன். தையல் வெளியே தெரியாமல் கிழிசலை அடைத்த மாதிரி அத்தனை சுத்தம்.

மடியில் இருந்த என் மகள் தாரணி, "காக்கா எங்கம்மா?" என்றாள். காக்காவே இல்லையே கண்ணு என்றேன். அவள் பிஸ்கட் கையோடு திரையில் விரலை வைத்தாள். சுவரில் காக்காவின் நிழல், ஒயரின் நிழலோடு, அப்படியே உட்கார்ந்திருந்தது! நாலு வயசுக் கண்ணுக்குத் தெரிவது டீச்சர் கண்ணுக்குத் தப்புமா? மரியாதையாகக் காக்காவை ஒயரோடு திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அது ஏன் காணாமல் போனது என்று தாரணியே காரணமும் சொன்னாள்.

"காக்கா அவசரமாப் போச்சும்மா. நிழலை எடுத்துக்க மறந்துடுச்சு."

சிவப்புச் சேலை

இன்னொரு படம் அக்கரையில், வைப்பின் தீவில். ஜங்கார் என்று இங்கே சொல்லும், வண்டிகளையும் ஏற்றிக்கொள்கிற படகில் போனேன். தடித்த கால்களில் நிற்கும் பழைய தண்ணீர்த் தொட்டி. போனதும் மழை. கேமராவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஒரு மீன்கார சேச்சி வீட்டு வாசலில் ஒதுங்கினேன். தொட்டியின் காலிலிருந்து அவர் வீடு வரை கொடி கட்டி, லுங்கியும் பனியனும் நனைந்து தொங்கின. படம் எடுக்க வந்திருக்கிறேன் என்றதும் சேச்சி மழையில் ஓடி அத்தனையையும் உருவிவிட்டார். "எடுக்காதீங்க, இருக்கட்டும்" என்று நான் கத்தியது காதில் விழவே இல்லை.

மழை விட்டது. நனைந்த கான்கிரீட் கருங்கல்லாகக் கறுத்து நிற்க, மேகத்துக்கு அடியிலிருந்து வெயில் சாய்வாக வந்து விழுந்தது. ஓடிப்போய் நின்றேன். வெறும் கொடியில் சேச்சி ஒரு சேலையைப் போட்டுக்கொண்டிருந்தார். இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்த கல்யாணச் சேலை, ரத்தச் சிவப்பு! அத்தனை பெரிய கறுப்புக்குக் கீழே அந்த ஒரு சிவப்பு. சேச்சி நகர்ந்ததும் எடுத்துவிட்டேன்.

"டேங்க் பழசு. துணியாச்சும் நல்லதா இருக்கட்டே."

வெள்ளிக்கிழமை

டீச்சர் முதல் படத்தில் காக்காவைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார், தலையாட்டினார். இரண்டாவதில் சேலையைப் பார்த்தார். மறுபடியும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காதர் இக்கா எனக்குப் பதிலாக வேர்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டீச்சர் போனை எடுத்துப் பெங்களூர் ஆளிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, அட்டைப் படத்துக்கு அந்தச் சேலைதான் என்றார். உள்ளே 'படங்கள்: செல்வி'. காதர் இக்கா தெருவில் போன ஆட்டோக்காரரைக்கூட நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். தாரணிக்கு ஒரு ஐஸ்கிரீம், எனக்கு இரண்டு.

கிளம்புவதற்கு முன் டீச்சர், புத்தகத்தின் பின்அட்டைக்கு அவரையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார். பூசாத சுவருக்கு முன்னால் நிறுத்தி எடுத்தேன். கறையையும் தடத்தையும் தொடக் கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்த அதே டீச்சர், திரையில் தன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இக்கா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து என் தோளில் கைவைத்துக் கேட்டது இதுதான்: "மோளே, சுவர் அங்ஙனே இருக்கட்டே, என் கண்ணுக்குக் கீழே மட்டும், மணப்பெண்ணுக்குச் செய்வியே, அது கொஞ்சம் செஞ்சு தா."