பால்ராஜின் நத்தைகளும் நாற்பது நாள் நோன்பும்

மண்ணூர்பேட்டை பால்ராஜ், வேலை பார்த்த கம்பெனியை 1992இல் இழுத்து மூடியதும், நத்தை வளர்ப்பதென்று முடிவுசெய்தார். ஈஸ்டர் முடிந்த மறுநாள் வந்து மொத்தமாக எடுத்துக்கொள்வதாகக் கொச்சி ஏற்றுமதிக்காரர் ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார். நிபந்தனை ஒன்றுதான்: ஓடு கெட்டியாக இருக்க வேண்டும்.

தீனிக்குக் காலணா செலவில்லாத திட்டம் அவருடையது. அம்பத்தூர் மார்க்கெட்டில் கழித்துப் போடும் கோஸ் இலை, அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பப்பாளித் தழை, நத்தையின் ஓடு கெட்டிப்பட இடித்த முட்டை ஓடு. முட்டை ஓடு தெருவின் பதினொரு கத்தோலிக்க வீடுகளிலிருந்து தினமும் வந்தது. மனிதன் உள்ளவரை முட்டை தின்பான், ஆகவே இது வற்றாத ஊற்று என்று மனைவி சகாயம்மாளுக்கு விளக்கினார். நாற்பத்தாறு வருடமாகத் தவக்காலம் அனுசரித்தவருக்கு, அந்த நாற்பது நாளும் பதினொரு வீட்டிலும் முட்டை உடையாது என்பது மட்டும் நோன்பு தொடங்கும் விபூதிப் புதன்வரை தோன்றவில்லை.

மூன்றாம் வாரத்தில் ஓடுகள் அப்பளமாகிவிட்டன. நத்தைகள் ஒன்றன் முதுகை ஒன்று சுரண்டத் தொடங்கின. நோன்பைப் பற்றி அவற்றுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கோதண்டம் முட்டை தின்பவர்தான். ஆனால் அவர் வீட்டு ஓடு அவருடைய ரோஜாச் செடிக்கு நேர்ந்துவிடப்பட்டிருந்தது. முட்டை வாங்கியாவது உடைக்கலாமா என்று மனைவியிடம் கேட்டுப் பார்த்தார்.

"துன்னா நோன்பு போச்சு, கீழ கொட்னா பாவம். நத்தைக்கோசரம் நான் நரகத்துக்குப் போவணுமா?" என்றாள் சகாயம்மாள்.

கேள்வி நியாயமானது. பால்ராஜ் தழை பறிக்கப் போனார்.

பெரிய வெள்ளிக்கு முந்தைய இரவு கோடை மழை பெய்து, நத்தைகள் இருந்த தொட்டியின் வலை தொய்ந்தது. விடிந்து பார்த்தால், வீட்டுக்குப் பின்பக்கச் சிற்றாலயத்தின் சுவரில் நானூறு நத்தைகள். ஈஸ்டருக்காகப் புதிதாய் அடித்த சுண்ணாம்பை அவை பக்தியோடு தின்றுகொண்டிருந்தன. பட்ட இடமெல்லாம் சாம்பல் கோடு. தன் புத்திக்கு எட்டாத தீனியை அவை தாமே கண்டுபிடித்துவிட்டதில் பால்ராஜுக்குக் கண் கலங்கியது.

ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கிறிஸ்துராஜ் ஏணியும், நத்தைமேல் தூவிக் கொல்ல உப்பு மூட்டையுமாக வந்தார். ஒரு மணி நேரத்தில் சிலுவைப்பாதைக்குச் சனம் வந்துவிடும்.

"உப்பு வேணாம் நைனா. கையால பொறுக்கிடறேன்," என்றார் பால்ராஜ்.

"பொறுக்கிகினு போய் இன்னா போடுவே மாமே?"

தொட்டியில் கோஸ் இலை இருந்தது. அது போதாதென்று இருவருக்கும் தெரியும்.

ஈரத்தில் ஏணி வழுக்கியது. கிறிஸ்துராஜ் உப்போடு மேலே ஏற, கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள பால்ராஜைத் தவிர வேறு ஆள் இல்லை.