தலையசைக்காமல் பாட்டுக் கேட்டவர்

முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தில்லைநாதன் அவர்களின் மனைவி புவனா.

"அண்ணை, இண்டைக்கு எங்கட வீட்டுப் பக்கம் வரவேண்டாம். அவர் வேலைக்கு வரமாட்டார்."

"ஏன், சுகமில்லையோ?"

"முடிஞ்சுது அண்ணை."

முதல் நாள் பின்னேரம் வீட்டுக்கு முன்னால் பனி தள்ளிக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் மூச்சு நின்றுவிட்டது. தலையில் தொப்பி இருக்கவில்லை. எந்தக் குளிரிலும் அவர் தலையில் எதையும் போட்டதில்லை. கனடாவில் நாங்கள் குடியிருக்கும் மில்லிக்கனில் காது கழன்று விழும்போல் காற்றடிக்கும் நாட்களிலும், மேலங்கியின் முக்காட்டைப் பின்னால் தொங்கவிட்டபடிதான் என் காருக்காகக் காத்து நிற்பார். நான் போட்டுக்கொள்ளச் சொன்னதில்லை. அதற்கும் காரணம் உண்டு.

முப்பத்தோராம் நாளுக்கு வெளியிடும் இந்த நினைவு மலரில் நான் எழுதவேண்டும் என்று புவனா கேட்டபோது மறுத்தேன். என் தம்பியைப் பற்றி எழுதாமல் உமது கணவரைப் பற்றி எனக்கு எழுத வராது என்றேன்.

"எழுதுங்கோ. சனம் கதைக்கிறதை விட நீங்கள் என்னத்தைக் கூட எழுதப்போறியள்? உங்களுக்குச் சொன்னதைத்தான் எனக்கும் சொன்னவர். அதை அப்பிடியே எழுதுங்கோ. இனி ஒளிக்கிறதுக்கு ஆள் இல்லை."

புவனாவின் துணிவு எனக்கு இல்லை. கை கூசிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இங்கே பிறந்த பிள்ளைகளும் இந்த மலரைப் புரட்டக்கூடும். அவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். ஊரில் சுற்றிவளைப்பு என்று ஒன்று இருந்தது. ஆண்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரும்படி ஒலிபெருக்கியில் சொல்வார்கள். வெயிலில் நிலத்தில் இருத்தி வைப்பார்கள். பிறகு வரிசையாக எழும்பி ஒரு ஜீப்புக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். ஜீப்புக்குள் ஒரு மனிதர் இருப்பார். தலையில் சாக்கு, கண்ணுக்கு நேரே இரண்டு ஓட்டை. சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அசைந்தால் லொறியில் ஏற்றுவார்கள். அந்த மனிதரை நாங்கள் தலையாட்டி என்போம். அன்று வந்தது எந்தப் படை என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். என் தம்பி குகன் நடந்தபோது சாக்கு அசைந்தது. அவனுக்குச் சற்றுப் பின்னால் அதே வரிசையில் நான் நின்றேன். எனக்கு அசையவில்லை. குகன் திரும்பி வரவேயில்லை.

ஊரில் பதினைந்து வருடம் கணிதம் படிப்பித்தவன், கனடாவுக்கு வந்து ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் மூடிகளுக்கு ஓட்டை சரியா என்று பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். என் சான்றிதழ்களை இந்த நாடு ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. அதை நான் மறக்கவும் இல்லை. அங்கேதான் தில்லைநாதன் வேலை செய்தார். வந்த புதிதில் ஒரு கல்யாண வீட்டில் என் பக்கத்தில் இருந்தவர் காதோடு சொன்னார்: "உங்கட பக்ரரியில நிக்கிற தில்லையைத் தெரியுமே? உங்கட ஊர்ச் சுற்றிவளைப்பில ஜீப்புக்குள்ள இருந்தது உவர்தான் எண்டு கதை."

அடுத்த வாரமே நான் தில்லைநாதனிடம் போய், காலையில் என் காரில் வரலாம் என்று சொன்னேன். அவருக்கு அது பெரிய உதவி. டிரைவிங் ரெஸ்றில் திரும்பத் திரும்பத் தோற்றிருந்தார். கார் நன்றாகவே ஓட்டுவார். ஆனால் பக்கத்தில் வரும் வாகனத்தைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பவேண்டிய இடத்தில் திருப்ப மாட்டார். ஓம் என்று சொல்லும்போதுகூட அவருடைய தலை அசையாது. வாய் மட்டும் சொல்லும்.

உதவி என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் அவரைப் பக்கத்தில் இருத்திப் பார்க்க விரும்பினேன். அவ்வளவுதான்.

அவர் மென்மையானவர் என்பதை எழுதியாக வேண்டும். வேலையில் யாருக்கும் குரல் உயர்த்தியதில்லை. புவனா கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டில் பாதியை, பாரந்தூக்கி வண்டி ஓட்டும் யமேக்காக்காரர் டெல்றோய்க்குக் கொடுப்பார். பதிலுக்கு டெல்றோய் பாட்டு நாடாக்கள் கொடுப்பார். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் பாட்டு, ரிதம் அண்ட் புளூஸ். தில்லைநாதன் அவற்றை என் காரில் போடுவார். முறையாகச் சங்கீதம் கேட்டு வளர்ந்த எனக்கு அது இரைச்சலாகவே பட்டது. ஒருநாள் கேட்டேன்: "உதில என்னத்தைக் காணுறீர்?"

"மாஸ்ரர், நாங்கள் கடவுளிட்டை மன்னிப்புக் கேக்கிறமெல்லோ, மெதுவா, ஒருத்தருக்கும் கேக்காமல்? இவை ஒரு பொம்பிளையிட்டைக் கேக்கினம். ஊர் முழுக்கப் பாத்துக்கொண்டிருக்க, முழங்காலில நிண்டு கேக்கினம்."

"அவள் குடுக்கிறாளோ?"

"அது அநேகமாப் பாட்டில வாறேல்லை," என்றார்.

அங்கே போரில் ஊரே இடம்பெயர்ந்து ஓடிய மறுவருடம், ஆடி மாதத்தில், வாவிக்கரைப் பூங்காவில் அந்தப் பாட்டுக்கென்று மூன்று நாள் விழா நடந்தது. டெல்றோய் எங்கள் இருவருக்கும் சேர்த்து ரிக்கற் எடுத்துவிட்டார். தில்லைநாதனைக் கொண்டுபோய் விடுவதற்கு ஒரு கார் வேண்டுமே.

முதல் நாள் வாசலில் நீண்ட வரிசை. மஞ்சள் அங்கி போட்ட காவலாளிகள் பைகளைத் துழாவினார்கள். கைகளை விரிக்கச் சொன்னார்கள். எனக்கு முதுகு நனைந்துவிட்டது. உள்ளே போனால் புல்வெளி முழுக்கச் சனம். தலைக்கு மேலே தொலைக்காட்சிக்காரரின் ஹெலிகொப்டர் ஒன்று சுற்றியது. ஒலிபெருக்கியில் ஒருவர், பின்னால் உள்ளவர்களுக்கு மறைக்கிறது, எல்லோரும் நிலத்தில் இருங்கள் என்றார். ஆயிரக்கணக்கானோர் சிரித்துக்கொண்டே நிலத்தில் இருந்தார்கள். என் முழங்கால்கள் மடியவில்லை. தில்லைநாதனைப் பார்த்தேன். அவரும் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் இருவர் மட்டும்தான் நின்றோம். பிறகு அவர் என் முழங்கையைப் பிடித்து மெல்ல இழுத்தார். இருவரும் ஒருமிக்க நிலத்தில் இருந்தோம்.

மேளம் தொடங்கியது. அடிவயிற்றில் இடிக்கும் தாளம். முன்னால், பக்கத்தில், பின்னால், எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் அசைந்தன. தொப்பி வைத்த கிழவிகள், தோளில் பிள்ளையைத் தூக்கிய தகப்பன்மார், டெல்றோய், எல்லோரும். ஓம், ஓம், ஓம் என்று அத்தனை தலைகளும் சொல்லிக்கொண்டிருந்தன. சந்தோசத்தில்தான் ஆட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு அசைவுக்கும் யாரோ ஒருவர் லொறியில் ஏறுவதுபோல் இருந்தது. கண்களை மூடினேன். திறந்தபோது, அந்தக் கடலில் ஒரேயொரு தலை அசையாமல் இருந்தது. தில்லைநாதன் சிலைபோல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். சப்பாத்துக்குள் பெருவிரல் மட்டும் தாளம் போட்டது.

"இந்த மனுசன் பாட்டுக் கேட்கிறானா, சாட்சி சொல்ல வந்திருக்கிறானா?" என்று டெல்றோய் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். "கழுத்துக்கு எண்ணெய் விடவேண்டும்." நான் சிரிக்கவில்லை.

திரும்பும்போது தில்லைநாதன் சொன்னார்: "இஞ்சை எங்கட சனம் ஒண்டும் வராது மாஸ்ரர். மூச்சு விடலாம்."

"நான் வந்திருக்கிறன்தானே."

"நீங்கள் டிரைவர்."

நல்ல பகிடிதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் வாவிப் பக்கமிருந்து கறுத்து வந்து மழை கொட்டியது. விழாக்காரர் முக்காடு வைத்த மெல்லிய பிளாஸ்ரிக் அங்கிகளைக் கொடுத்தார்கள். டெல்றோய் ஒன்றை எடுத்து, பின்னால் நின்று, விளையாட்டாகத் தில்லைநாதனின் தலைக்கு மேலால் போட்டார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதர் போடும் சத்தம்போல் இருக்கவில்லை. இரண்டு கைகளாலும் பிளாஸ்ரிக்கைக் கிழித்து எறிந்துவிட்டு, மழையில் வெறுந்தலையுடன், வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். டெல்றோய் திகைத்துப்போய் மன்னிப்புக் கேட்டபடி இருந்தார். தில்லைநாதன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அவருடைய கண்ணில் இருந்த பயமும் எனக்குள் இருந்த பயமும் ஒரே பயம் என்று அப்போது தெரிந்தது. நான் அறிய வந்ததை அறிந்துவிட்டேன். அதை அவரும் அறிந்துவிட்டார்.

அன்று காரில் நாடா போடவில்லை.

மூன்றாம் நாள் வரமாட்டார் என்று நினைத்தேன். வரக்கூடாது என்றும் விரும்பினேன். ஆனால் வழக்கம்போல் வீட்டு வாசலில் நின்றார். புதுச் சேட்டுப் போட்டு, தலைமயிரை வாரி இழுத்து.

பின்னேரம், நரைத்த பாடகர் ஒருவர் மேடையில் முழங்காலில் நின்று யாரையோ இரந்துகொண்டிருந்தார். டெல்றோய் சாப்பாட்டுக் கடை வரிசையில் நின்றார். தில்லைநாதன் மேடையைப் பார்த்தபடியே சொன்னார்:

"என்னட்டைக் கேக்கத்தானே மாஸ்ரர் இவ்வளவு காலமும் கார் ஓடினனீங்கள். கேளுங்கோ."

அவரே தொடர்ந்தார்.

"என்னை முதல் நாளே பிடிச்சிட்டாங்கள். சாக்கைப் போட்டு ஜீப்பில இருத்தினாங்கள். சாக்கு நழுவி ஓட்டை கீழை வந்திட்டுது. முகம் தெரியேல்லை. நெஞ்சுதான் தெரியும். சேட்டுத்தான் தெரியும். நான் ஆட்டாமல்தான் இருந்தனான். பின்னாலை இருந்தவன் பிடரியிலை துவக்கால அடிச்சான். அடிக்கேக்கை தலை தானா விழும்தானே. அப்ப முன்னுக்கு நிண்ட ஆளை இழுத்துக்கொண்டு போச்சினம்."

மேடையில் பாடகர் இன்னும் முழங்காலில்தான் நின்றார்.

"அது முதலாவது ஆள். பிறகு அவனுக்கு அடிக்க வேண்டி வரேல்லை மாஸ்ரர். பிடரியிலை துவக்கு முட்டினாலே ஆட்டினன். ஆரெண்டு எனக்குத் தெரியாது. ஆனா சேட்டுகள் தெரியும். ஒவ்வொண்டும் தெரியும்."

மேடையில் பாடகர் எழும்பினார். சனம் கைதட்டியது. அந்தச் சத்தத்துக்குள் தில்லைநாதன் என் பக்கம் திரும்பினார். கழுத்தை அல்ல, உடம்பு முழுவதையும் திருப்பினார்.

"உங்கட தம்பி அண்டைக்கு என்ன நிறச் சேட்டுப் போட்டிருந்தவர்?"

எனக்குத் தெரியும். மறக்க வழியில்லை. அது என்னுடைய சேட்டு. கேட்காமல் எடுத்துப் போடுவது குகனின் பழக்கம். அன்று காலையும் அதற்காக அவனைப் பேசியிருந்தேன்.

"ஞாபகமில்லை," என்றேன்.

பொய் என்று அவருக்கு விளங்கியிருக்கும். மறுபடி கேட்கவில்லை.

நான் ஏன் சொல்லவில்லை என்று புவனா செத்தவீட்டன்று கேட்டார். பயம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. ஓம், அந்தச் சேட்டைக் கண்டேன் என்று அவர் சொல்லியிருந்தால், அந்த மனிதரை என் பக்கத்தில் வைத்துக்கொண்டு மில்லிக்கன் வரை எப்படிக் கார் ஓட்டியிருப்பேன்? என் கைகளில் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் அதைவிட மோசம். இத்தனை வருடம் ஒருவரை வெறுத்து அந்தப் பலத்தில் எழும்பி வேலைக்குப் போனவன் நான். அதுவும் போய்விட்டால் எதைக்கொண்டு எழும்புவது?

அதன்பிறகும் தினமும் காலையில் அவரை ஏற்றினேன். அவர் கார்க் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், இன்று கேட்டுவிடுவாரோ என்று நெஞ்சு அடிக்கும். அவர் வெளியில் குளிர், வீதி வழுக்குது, மெதுவாப் போங்கோ என்று மட்டும் சொல்வார். இப்போது யோசித்தால், நான் வாய் திறந்துவிடுவேனோ என்று அவருக்கும் நெஞ்சு அடித்திருக்கும். இரண்டு பயந்த மனிதர்கள் ஒரே காரில் வேலைக்குப் போய் வந்தோம். அதைச் சிநேகிதம் என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. வேறு சொல்லும் கிடைக்கவில்லை.

செத்தவீட்டுக்கு எங்கள் ஆட்கள் அதிகம் வரவில்லை. கோயிலில் அவரிடம் வேலை வாங்கியவர்கள் வரவில்லை. அவர் வீட்டுப் பணியாரத்தைச் சாப்பிட்டவர்கள் வரவில்லை. வராதவர்களின் முகங்களை நான் குறித்துக்கொண்டேன். எனக்கு அது கைவந்த பழக்கம். தொழிற்சாலைக்காரர் வந்தார்கள். டெல்றோய் கறுப்புக் கோட்டும் சூட்டும் போட்டு, முன் வரிசையில் இருந்து பெரிய சத்தமாய் அழுதார். கிரியையின் போது முகத்தைத் துணியால் மூட வந்தார்கள். புவனா கையை நீட்டித் தடுத்தார். "அவருக்குப் பிடிக்காது," என்றார். ஐயரும் வற்புறுத்தவில்லை.

வாய்க்கரிசி போடும் முறை எனக்கு வந்தது. உறவில்லாதவன் போடலாமா என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். குனிந்தேன். வெள்ளைத் தலையணையில் அந்தத் தலை நேராக, வெறுமையாக, நன்றாக இழுத்து வாரப்பட்டுக் கிடந்தது. அரிசியைப் போட்டுவிட்டு அவருடைய காதுக்குள் சொன்னேன்:

"தில்லை, வெள்ளையில பச்சைக் கோடு. அரைக்கைச் சேட்டு."

சொல்லிவிட்டு நிமிராமல் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உயிரில்லாத உடம்பு என்று தெரிந்துதான் நின்றேன். என்றாலும் கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது. டெல்றோய் வந்து தோளில் கை வைக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தலை அசையவில்லை.

தில்லை, உம்மை நான் மன்னித்துவிட்டேன் என்று இந்த மலரில் யாரும் எழுதவேண்டாம். நான் மன்னிக்கவில்லை. ஆனால் காலையில் உமது வாசலைத் தாண்டும்போது கால் தானாகப் பிரேக்கை அமத்துகிறது. போய் வாரும், தில்லை. வழி குளிராக இருந்தாலும் ஒருவரும் உமது தலையை மூடாதிருக்கட்டும்.