பதில் சொல்ல ஆளில்லாத பெயர்கள்

இதை எழுத ஏழு வருஷமாகக் கை வரவில்லை. ஒவ்வொரு கார்த்திகையிலும் நோட்டை எடுப்பேன். வீட்டுக்காரர் மாலை போட்டுக்கொண்டு வந்து நிற்பார், மூடி வைத்துவிடுவேன். பத்தாவது வரை படித்தவள், எனக்கு எங்கே எழுத வரும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது வெட்கம்தான்.

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் வீடு. பக்கத்துப் பள்ளிக்கூடத்து லஞ்ச் கிச்சனில் எனக்கு வேலை. என்னோடு அங்கே டிரே கழுவி, பீட்சா அடுக்கியவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அதனால் அக்கா என்றே கூப்பிட்டேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "அப்போ என் பேச்சை நீ கேக்கணும், அதானே?" என்று சிரித்தார். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். என் தமிழில் எழுதுகிறேன்.

என் தயிர் சாதத்தைப் பார்த்தால் அவருக்குக் கேலிதான்.

"வெள்ளைச் சோத்துல வெள்ளையை ஊத்தி, வெள்ளை டப்பால கொண்டு வந்திருக்கே. கலரே ஆகாதா சிஸ்டர் உனக்கு?"

"கடுகு போட்டிருக்கேனே அக்கா."

"ஆமாமா, அதைத்தான் ஓரமா ஒதுக்கி வெச்சிருக்கே."

சாப்பிடும் முன் கண்ணை மூடி வெகுநேரம் முணுமுணுப்பார். ஒருநாள் என்ன ஜெபம் என்று கேட்டேன்.

"பேருங்க. எங்க குடும்பத்துப் பேருங்க. முதல் பேரு ஒரு அம்மாவோடது. இதே நியூ ஜெர்சி வயல்ல அடிமையா இருந்தவ."

"இங்கயா? அதெல்லாம் தெற்குலதானே?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க."

அந்த அம்மாவை மூன்று பிள்ளைகளோடு தெற்கே பருத்திக் காட்டுக்கு விற்றார்களாம். போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகளை ஆளுக்கொரு முதலாளி வாங்கிக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடிமைகள் மரங்களுக்குள் ஒளிந்து ஜெபம் பண்ணுவார்கள். சத்தம் வெளியே போகாமல் இருக்கக் கிளைகளில் ஈரப் போர்வைகளைத் தொங்கவிடுவார்கள். பிடிபட்டால் சவுக்கடி. அங்கே அவள் தன் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வாள். பக்கத்தில் இருக்கிற யாராவது ஒருவர், "கர்த்தர் கையில இருக்கு, நம்ம பிள்ளை" என்று பதில் சொல்ல வேண்டும். இரத்தச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. பெற்றவர்களையும் பிள்ளைகளையும் பிரித்துப் போட்ட இடத்தில், பக்கத்தில் நின்றவள்தான் சித்தி, அத்தை எல்லாம்.

"அந்தப் பதில்தான் அவளை உயிரோட வெச்சுது" என்றார். "தனியா சொன்னா அது வெறும் அழுகை, சிஸ்டர்."

பிள்ளைகளை அவள் மறுபடி பார்க்கவே இல்லை. அங்கே பிறந்த கடைசி மகளின் வம்சம்தான் இவர்கள். குடும்பத்தில் யார் இறந்தாலும் அடக்கத்தின்போது முதல் பெயரிலிருந்து வரிசையாகச் சொல்லி, கடைசியில் புதுப் பெயரைச் சேர்ப்பார்கள். அக்கா சொல்ல, அவர் தம்பி பதில் சொல்லுவார். மிச்சம் இருந்தது அந்த இரண்டு பேர்தான்.

"எழுதி வெக்கலாமே அக்கா?"

"பேப்பர்ல எங்களைக் குதிரையோட மாட்டோட சேர்த்து, விலை போட்டு எழுதினாங்க. இது வாய்லயே இருக்கட்டும்."

அந்தக் கார்த்திகையில் தம்பி இறந்துபோனார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா எங்கள் வாசலுக்கே வந்தார். வீட்டுக்காரர் மாலையில் இருந்தார். சாவு வீட்டிலிருந்து வருகிறவரை உள்ளே கூப்பிடத் தயங்கி, அந்தக் குளிரில் படியிலேயே நிற்க வைத்துப் பேசினேன்.

"நாளைக்குச் சர்ச்சுல நீ பதில் சொல்லணும். ஒரே வரிதான். அக்கா சொன்னா கேக்கணும், இல்ல?"

"வரேன் அக்கா" என்றேன்.

உள்ளே வந்து சொன்னதும் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "சாவுக்கா? நான் மாலை போட்டிருக்கேன்டி. தீட்டோட வந்து எனக்குச் சமைச்சுப் போடுவியா?"

காலேஜிலிருந்து வந்திருந்த மகள், "அம்மா, ஜஸ்ட் கோ. அப்பா கேன் குக்" என்றாள்.

"நீ சும்மா இரு" என்றார் அவர்.

நான் போகவில்லை. போன் பண்ணிச் சொல்லக்கூட இல்லை.

பிறகு ஒருநாள் குருசாமியிடம் சொன்னபோது, "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேம்மா. மாலை போட்ட உங்க வீட்டு சாமி ரெண்டு நாள் எங்க வீட்ல இருந்திருப்பாரு" என்றார். நான்தான் கேட்கவில்லை. ஐயப்பன் மேல் ஒரு குறையும் இல்லை, வீட்டுக்காரரையும் சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாத அத்தனை பேர் நடுவில் நான் ஒருத்தி எழுந்து வாய் திறக்க வேண்டுமே என்று பயந்தேன். அவர் கழுத்து மாலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சாமியிடம் இதைச் சொல்லி எத்தனையோ முறை அழுதிருக்கிறேன்.

வேலைக்குத் திரும்பி வந்த அன்று அக்கா, "ரெண்டையும் நானே சொல்லிட்டேன்" என்றார். டிரே கழுவ ஆரம்பித்தார். அதற்கப்புறம் என் தயிர் சாதத்தை அவர் கேலி செய்யவே இல்லை.

அடுத்த வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து வேலையை விட்டார். வாரம் ஒருமுறை ரசம் கொண்டுபோவேன். பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டேன். ஆரம்பிப்பார். மூன்றாவது, நான்காவது பெயரில் தடுமாறிவிடும். திரும்ப முதலிலிருந்து வருவார், வேறு பெயர் வரும். "அந்தப் பொண்ணு... வித்துட்டாங்களே, அந்தச் சின்னப் பொண்ணு..." என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். எந்தப் பெயர் சரி என்று எனக்கும் தெரியவில்லை. ஒன்றும் தேறவில்லை.

அவர் அடக்கத்துக்குப் போனேன். பாஸ்டர் நன்றாகத்தான் ஜெபம் பண்ணினார். மூன்றாவது வரிசையில் நின்றேன். அந்த ஒரு வரியை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். பெயர் சொல்லத்தான் யாரும் இல்லை. பெட்டியை மூடிவிட்டார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அந்தப் பெயர்கள் என்னிடம் இல்லை. நீங்களாக ஒரு பெயர் வைத்துச் சொல்லிவிடாதீர்கள். எனக்காக இரக்கப்பட்டு, 'அவளால் போக முடியவில்லை' என்றும் மாற்றாதீர்கள். போகவில்லை. அப்படியே சொல்லுங்கள்.